விமானத்துக்கு ஆகாத எண்ணெய்

எனக்குப் பொறாமை உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் மேல் இல்லை. பணக்காரர்கள் மேல் இல்லை. ஒரே ஒரு ஆள் மேல்தான். அவன் பெயர் ஏகாம்பரம். என் சகலை. என் மனைவி சாந்தாவின் தங்கச்சி கல்பனாவைக் கட்டியவன்.

ஏகாம்பரம் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் மாமியார் வீடு செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்தில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரண்டு மாப்பிள்ளைகளும் அங்கேதான் சாப்பாடு. நான் மூத்தவன். முதல் இலை எனக்கு. ஏகாம்பரம் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகும் முதல் இலை எனக்குத்தான். ஆனால் முதல் வடை அவன் இலைக்குப் போனது. (அதெல்லாம் யாருங்க பாக்கறது என்பாள் சாந்தா. நான் பார்த்தேன்.)

அவன் வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தது. அடுத்த வருஷம் எங்கள் வீட்டில் வந்தது. அவன் பைக் வாங்கினான். நானும் வாங்கினேன், அவன் விற்ற பைக்கை. அவன் தலையில் முடி கொட்டியது. அதில் மட்டும் நான் முந்திவிட்டேன்.

தொழிலும் ஒன்றுதான். இரண்டு பேருமே எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவர்கள். அவனுக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. பகலில் சிப்ஸ், மிக்சர். சாயங்காலம் பரோட்டா. எனக்குக் கோட்டைக்குத் திரும்புகிற வழியில் பஜ்ஜிக் கடை. கோட்டை மலை ராஜகிரி ஏறி இறங்குகிறவன் கால் நடுங்கி வருவான். அந்த நேரத்தில் அவனுக்கு எதைக் கொடுத்தாலும் ருசிக்கும். என் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் கடைக்கு வந்தாள். நிவேதா என்று பெயர். விழுப்புரத்தில் இருந்து வருகிறாள். பழைய சமையல் எண்ணெய் சேகரிக்கிற கம்பெனியில் வேலை. கையில் ஒரு நீலக் கேன். இன்னொரு கையில் தெர்மாமீட்டர் மாதிரி நீளமாக ஒரு கருவி.

"அண்ணா, பழைய எண்ணெய்லாம் என்ன பண்றீங்க?"

"பழைய எண்ணெயே கெடையாதும்மா."

"மீந்து போற எண்ணெய்?"

"மீந்தா நாளைக்கு."

"நாளைக்கும் மீந்தா?"

"நாளன்னிக்கு."

அவள் வாணலியை எட்டிப் பார்த்தாள். என் வாணலி ஒரு நாளும் காலியானதில்லை. குறைந்தால் மேலே ஊற்றுவேன். கடை திறந்த அன்று ஊற்றிய எண்ணெயில் ஒரு சொட்டாவது அதில் இன்னும் இருக்கும் என்பது என் நம்பிக்கை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கருவியைச் சூடான எண்ணெயில் விட்டாள். அதில் மூன்று விளக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு. கருவி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் அதிர்ச்சி போல. பிறகு சிவப்பு எரிந்தது. அவள் வெளியே எடுத்துத் துடைத்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, இத சாப்பாட்டுக்கு வெக்கக் கூடாது. எங்ககிட்ட குடுங்க. நாங்க பிளேனுக்கு அனுப்புவோம்."

"எந்தப் பிளேனுக்கு?"

"வானத்துல போற பிளேனுக்குதாண்ணா."

சாந்தா கடலை மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

நிவேதா பொறுமையாகச் சொன்னாள். பிளேனில் ஊற்றுவது கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தானாம். பூமிக்கு அடியில் இருந்து எடுத்து எரித்தால் அந்தப் புகை வானத்தில் புதிதாகச் சேர்ந்துகொண்டே போகுமாம். பூமி சூடாகிறது என்கிறார்களே, அதில் அதற்கும் பங்கு. சமையல் எண்ணெய் அப்படி இல்லை. செடியில் இருந்து வந்தது. செடி வளரும்போது காற்றில் இருந்து எதை இழுத்ததோ அதுதான் திரும்பப் போகிறது. சமைத்துக் கழித்த எண்ணெயை ஃபேக்டரியில் சுத்தம் செய்து மாற்றி, பிளேன் எண்ணெயோடு கலப்பார்கள். புதிதாகச் சேரும் புகை குறையும்.

"உங்க கடலை எண்ணெயும் அப்படித்தாண்ணா," என்றாள்.

என் வாணலியில் இருந்தது பாமாயில். நான் திருத்தவில்லை.

"பஜ்ஜி வாசன வருமா மேல?" என்று சாந்தா கேட்டாள்.

"வராதுக்கா."

சாந்தாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் கடைக்கு மேலே பகலில் பிளேன் போகும். ரொம்ப உயரத்தில், வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு. சாந்தா எந்த வேலையில் இருந்தாலும் தலையைத் தூக்கி அந்தக் கோடு கலைகிற வரைக்கும் பார்ப்பாள். மாவு கட்டி தட்டிப் போகும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எனக்குப் பேச்சு வராது. ஏழாவதோடு படிப்பு நின்றது. பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றது.

கேனை வைத்துவிட்டுப் போகும்போதுதான் நிவேதா அந்த வார்த்தையைச் சொன்னாள். மூன்று மாதம் பார்ப்பார்களாம். செஞ்சியில் எந்தக் கடை அதிக எண்ணெய் கொடுக்கிறதோ, அந்தக் கடைக்கு இரண்டு பிளேன் டிக்கெட். சென்னையில் ஏறி, கோயம்புத்தூரில் இறங்கி, மறுபடி சென்னை. கம்பெனி செலவு.

அவள் போனதும் சாந்தா மாவைக் கரைத்தாள். வெகு நேரம் கரைத்தாள்.

"கல்பனா போவா," என்றாள்.

"கேக்கறியா, சொல்றியா?"

"சும்மா."

அவ்வளவுதான் பேச்சு. எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல். அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இதையும் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

முதல் மாதம் எடை போடும் நாள் வந்தது. கடைத்தெருவில் ஒரு மணிலா மண்டி. (மணிலா என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை.) அதன் வாசலில் தராசு. மண்டிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு எண்ணெய் விற்கிறவர் அவர்தான். ஊரில் யார் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஏகாம்பரம் இரண்டு கேன் கொண்டுவந்தான். இரண்டும் நிறைய. சிப்ஸ் போடுகிறவன் எண்ணெயை அடிக்கடி மாற்றுவான். இல்லாவிட்டால் சிப்ஸ் நிறம் போய்விடும். அது அவன் சாமர்த்தியம் இல்லை, உருளைக்கிழங்கின் குணம். ஆனால் எல்லோரும் அவனைத்தான் பாராட்டினார்கள்.

என் கேனை நிவேதா ஆட்டிப் பார்த்தாள். கைக்கு மனசு வராமல் கொஞ்சம்தான் ஊற்றியிருந்தேன். அதிலும் பாதி வாணலியின் அடி வண்டல்.

"அண்ணா, இது எண்ணெய் இல்ல. கசடு. தண்ணி இல்லாம, கசடு இல்லாம, சுத்தமா குடுங்க. சுத்தமா இருந்தா நான் கண்ண மூடினு எடுத்துக்குவேன்."

"பிளேன் கெடக்கட்டும், இதுல ஒரு காத்தாடி சுத்துமா பாரும்மா," என்றார் மண்டிக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, "அடுத்த மாசம் பாத்துக்கலாம் சகலை," என்றான். அவன் சிரித்திருந்தாலே எனக்குப் பரவாயில்லை.

"சுத்தமா" என்ற ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் அழிவு அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அப்போது தெரியவில்லை.

இரண்டாம் மாதம் எனக்கு அரை கேன். அவனுக்கு மூன்று. நியாயமாகப் போனால் அவனை எட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் மாதக் கடைசியில், எடை போட நாலு நாள் இருக்கும்போது, எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் யோசனை வந்த நாட்கள் குறைவு. வந்த நாளெல்லாம் நஷ்டம்.

யோசனை இதுதான். பழைய எண்ணெய் என்றால் என்ன? ஒரு தடவை பஜ்ஜி போட்ட எண்ணெய். அப்படியென்றால் புது எண்ணெய் வாங்கி, ஒன்றிரண்டு ஈடு போட்டு எடுத்துவிட்டால் அது பழைய எண்ணெய். (ஒரு தடவை வாணலி கொள்ளுகிற அளவுக்கு மாவைப் போட்டு எடுப்பது ஒரு ஈடு.) இந்த யோசனையில் எனக்கு ஓட்டையே தெரியவில்லை. இத்தனை நாள் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்றுதான் ஆச்சரியமாக இருந்தது.

நம் மண்டிக்காரரிடம் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் அவலூர்பேட்டை போனேன். எட்டு டின் வாங்கினேன். சில்லறையாக எண்ணெய் வாங்கியே பழகிய ஆள் நான். கடைக்காரன் இரண்டு தடவை கேட்டான், எட்டா, எட்டா என்று. ஆட்டோவில் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்தேன்.

சாந்தா கடை வாசலில் நின்றாள்.

"இன்னாங்க இது?"

"எண்ணெய்."

"அது தெரியுது. எதுக்கு இத்தினி?"

"சீசன்."

"ஐப்பசி மழைல இன்னா சீசன்?"

நான் டின்னை இறக்கினேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாழைக்காய் சீவ உட்கார்ந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டதா என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

விடிந்ததும் ஆரம்பித்தேன். வாணலியைத் தேய்த்துக் கழுவினேன். கடை திறந்ததில் இருந்து முதல் தடவை. அதன் அடியில் ஒரு கம்பெனி முத்திரை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. புது எண்ணெய் ஊற்றினேன். தங்கம் மாதிரி இருந்தது. ஒரு ஈடு. இரண்டு ஈடு. எடுத்து ஆறவைத்து, வெள்ளை வேட்டியை நாலாக மடித்து அதில் வடிகட்டினேன். சுத்தமாகக் கேட்டாள் அல்லவா? கேனுக்குள் முகம் பார்க்கலாம். அடுத்த டின்.

பஜ்ஜி குவிந்தது. மழை விடாமல் பெய்தது. கோட்டைக்கு ஒரு ஆள் வரவில்லை. தாம்பாளம் நிறைந்தது. அன்னக்கூடை நிறைந்தது. சாந்தா தண்ணீர்க் குடத்தைக் காலி செய்து கொண்டுவந்து வைத்தாள். அதுவும் நிறைந்தது.

"யாரு துன்றது இத?" என்றாள்.

நல்ல கேள்விதான். அதை நான் யோசிக்கவில்லை.

ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டுச் சும்மா கொடுக்க ஆரம்பித்தேன். அதுவரை என் கடையில் ஓசிக்குச் சட்னிகூட யாரும் இரண்டாம் தடவை வாங்கியதில்லை. முதலில் வந்தவர் ஒரு பெரியவர். வாங்கிக்கொண்டு பயந்து போய்க் கேட்டார்.

"இன்னாபா, வீட்ல எதுனா ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆவல. துன்னுங்க."

"வேண்டுதலா?"

"ஆமா."

"எந்த சாமிக்கு?"

அந்த நேரம் பார்த்து மேலே மேகத்துக்குள் ஒரு பிளேன் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் செய்தி பரவியது. திருவண்ணாமலை பஸ்ஸை என் கடை எதிரில் நிறுத்திவிட்டார்கள். டிரைவருக்கு ஒரு பொட்டலம், கண்டக்டருக்கு ஒரு பொட்டலம், பஸ் முழுக்க ஆளுக்கு நாலு. குடை பிடித்துக்கொண்டு ஜனம் வரிசையில் நின்றது. ஏன் கொடுக்கிறேன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கடையை மூடப் போகிறேன் என்றார்கள். லாட்டரி என்றார்கள். புதையல் எடுத்துவிட்டேன், கோட்டையில் கிடைத்ததாம் என்றார்கள்.

சாயங்காலம் ஏகாம்பரமே வந்துவிட்டான். குடையை மடக்கிவிட்டு, ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தான். மெல்ல மென்றான்.

"சகலை, வார்டு எலெக்‌ஷன்ல நிக்கிறியாமே."

"யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பரோட்டா நான் போட்டிருப்பேனே."

"நிக்கல."

"சரி. நிக்கலன்னே வெச்சுக்க." இன்னொரு பஜ்ஜி எடுத்தான். "ஆனா இன்னிக்கு பஜ்ஜி நல்லா இருக்குது சகலை. நெஞ்சு கரிக்கல. இன்னா மாத்தின?"

இருபது வருஷத்தில் அவன் என் பஜ்ஜியை நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. கேன்களைக் கோணி போட்டு மூடியிருந்தேன். அவன் கண் அங்கே போகிறதா என்றுதான் பார்த்தேன்.

மறுநாளும் போட்டேன். ஊர் சாப்பிட்டு ஓய்ந்துவிட்டது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். இரண்டு கோணி பஜ்ஜி மிச்சம். பைக்கில் கட்டிக்கொண்டு கோட்டை அடிவாரம் போனேன். அங்கே குரங்குகள் உண்டு. மழையில் நனைந்து சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தன. ஒரு கோணியைக் கவிழ்த்தேன். முதலில் ஒன்று வந்தது. மோந்து பார்த்தது. கடித்தது. பிறகு திரும்பி ஒரு சத்தம் கொடுத்தது பாருங்கள், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று மலையில் இருந்தும் சொந்தக்காரர்கள் இறங்கி வந்தார்கள். இரண்டாவது கோணியை நான் கவிழ்க்கவில்லை. அவர்களே வாங்கிக்கொண்டார்கள். என் துண்டையும் சேர்த்து.

வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"கொரங்குக்குப் போடக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்குதே, படிக்கத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"வேற யாரும் வாங்கல."

எடை போடும் நாள். எட்டுக் கேனோடு போனேன். ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பிடித்தேன். சாந்தா நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். நான் கூப்பிடவில்லை. மண்டி வாசலில் ஷாமியானா. கடைத்தெருவே கூடியிருந்தது. கல்பனாவும் ஏகாம்பரமும் முன்னாலேயே வந்திருந்தார்கள். அவனுக்கு அந்த மாதமும் மூன்று கேன்தான்.

என் கேன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஐந்தாவது கேன் இறங்கும்போது பேச்சு நின்றது. எட்டாவது இறங்கும்போது ஏகாம்பரம் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டான். தராசு முள் போன இடத்தைப் பார்த்து மண்டிக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மாணிக்கமா இது?" என்றார்.

ஆமாம். மாணிக்கம்தான். அந்தப் பத்து நிமிஷம் செஞ்சியில் நான்தான் முதல் ஆள். முதல் இலையும் எனக்கு, முதல் வடையும் எனக்கு. சாந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம்தான் இருந்தது. இருந்தாலும் பார்த்தாள்.

நிவேதா ஒரு கேனைத் திறந்தாள். முகம் மாறியது. ஒரு சின்னச் சட்டியில் கொஞ்சம் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்துச் சுடவைத்து, கருவியை விட்டாள்.

பச்சை எரிந்தது.

யாரோ கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பச்சை என்றால் நல்லதுதானே? ரோட்டில் பச்சை விழுந்தால் போகலாம்.

"அண்ணா," என்றாள் நிவேதா. குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "இது பழைய எண்ணெய் இல்லண்ணா. இதுல இன்னும் எவ்ளோ நாள் வேணா சமைக்கலாம். எத்தன ஈடு போட்டீங்க?"

"ரெண்டு."

"எல்லாத்துலயுமா?"

"ஒரு டின்ல ஒண்ணுதான். மாவு தீந்துச்சி."

முதலில் மண்டிக்காரர்தான் சிரித்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கிட்ட வாங்கலயே, எங்கேந்துடா இத்தினி எண்ணெய்னு பாத்தேன். இத்தினி வருசமா தார் மாதிரி எண்ணெய்ல பஜ்ஜி போட்டவன், பிளேனுக்கு மட்டும் புது எண்ணெயா? பிளேனுக்கு நெஞ்சு கரிச்சிடும்னா?"

ஷாமியானா குலுங்கியது.

நிவேதா சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"மனுசன் சாப்பிடுற எண்ணெய நாங்க எடுக்க முடியாதுண்ணா. எடுத்தோம்னா, பிளேனுக்காகவே ஒருத்தன் காட்ட அழிச்சிட்டு எண்ணெய் மரம் வெப்பான். அப்புறம் புகை கொறைஞ்சி என்னா லாபம்? வேணாம்னு கழிச்ச எண்ணெய்தான் வேணும். அதான் விசயமே. ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?"

நான் கேன் மூடியைத் திருகினேன். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி திருகினேன்.

பதில் சாந்தாவிடம் இருந்து வந்தது. பின்னால் நின்றவள் முன்னால் வந்தாள்.

"என்னப் பிளேன்ல கூட்டினு போறதுக்கும்மா," என்றாள். "வாயத் தொறந்து கேட்டா பதில் வராது இவருக்கு. எண்ணெயா ஊத்துவாரு."

சிரிப்பு சட்டென்று நின்றது. அது இன்னும் மோசம். சிரித்துக்கொண்டே இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். என் காது இரண்டும் கொதித்தன. அந்தக் கருவியை அப்போது என் காதில் வைத்திருந்தால் சிவப்பு எரிந்திருக்கும்.

எட்டுக் கேனும் திரும்ப வண்டியில் ஏறின. ஏகாம்பரத்தை முன்னால் கூப்பிட்டு நிவேதா கவரைக் கொடுத்தாள். இரண்டு டிக்கெட். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஏகாம்பரமும் சிரிக்கவில்லை. கவரைப் பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான்.

"சிரிங்க, போட்டோ எடுக்கறாங்க," என்றாள் கல்பனா.

"நீ போய்ட்டு வா கல்பனா."

"இன்னாது?"

"எனக்கு வேல இருக்குது."

கல்பனா இடுப்பில் கை வைத்தாள். கூட்டத்தைப் பார்த்தே சொன்னாள். "வேலையா? இவரு திருவண்ணாமலை பஸ்லயே ஜன்னல் சீட்டுக்கு அடம் புடிக்கிற ஆளு. வேடிக்க பாக்க இல்ல, வாந்தி எடுக்க. ராஜகிரி மேல இருக்குதே அந்தப் பாலம், அதக் கண்ண மூடினு நாலு கால்ல தாண்டினாரு. மூணு மாசமா எண்ணெய் ஊத்தி ஊத்தி ரொப்பும்போது தெரியலயா, ஜெயிச்சா ஏறணும்னு?"

"ஊத்தறப்ப அதெல்லாம் யோசிக்கல," என்றான் ஏகாம்பரம். பிறகு மெதுவாக, "சகலை நிக்கிறாருன்னு நானும் நின்னேன்," என்றான்.

என் மேல் அவனுக்கும் பொறாமை இருந்திருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

கல்பனா அவன் கையில் இருந்து கவரைப் பிடுங்கினாள். பெயர் மாற்றலாமா என்று நிவேதாவிடம் கேட்டாள். இன்னும் பெயரே எழுதவில்லை என்றாள் நிவேதா.

"அக்கா, நீ வா. நம்ம ரெண்டு பேரும் போலாம்."

சாந்தா என்னைப் பார்த்தாள். போகட்டுமா என்று கேட்கிற பார்வை இல்லை. சொல்லிவிட்டுப் போகிற பார்வை.

அவர்கள் போன அன்று ஏகாம்பரம் கடையைச் சாத்திவிட்டு என் கடைக்கு வந்துவிட்டான். அவர்கள் ஏறுகிற நேரம் அவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று அண்ணாந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பிளேன் போனது.

"அதுதான் சகலை," என்று கையாட்டினான். நானும் ஆட்டினேன்.

பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று எதிர்ப்பக்கமாகப் போனது.

"இதுவா இருக்குமோ?" என்றான். அதற்கும் ஆட்டினோம். மத்தியானம் வரைக்கும் எது போனாலும் ஆட்டினோம். கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு ஹெலிகாப்டருக்கும் ஆட்டினான். நான் ஆட்டவில்லை. எனக்கும் ஒரு அளவு உண்டு.

மறுநாள் சாந்தா வந்தாள். நான் கேட்கவில்லை. மாவு கரைத்துக்கொண்டே அவளே சொன்னாள்.

"ஜன்னல் சீட்டு எனக்குக் குடுத்தா கல்பனா."

"ம்."

"இதுல எங்க ஊரு எண்ணெய் இருக்குதானு அந்தப் பொண்ணக் கேட்டேன். தண்ணி குடுத்துச்சே, அந்தப் பொண்ணு. தெரியாதும்மானு சிரிச்சிது."

"ம்."

"இருந்தாலும் ஒங்க எண்ணெய் இல்ல. அது எனக்குத் தெரியும்."

மேலே கோடு ஒன்று போனது. அவள் தலையைத் தூக்கவில்லை. மாவு கட்டி தட்டாமல் வந்தது. அப்போது எனக்கு அவள் மேலேயே பொறாமையாக இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த எட்டு டின் எண்ணெயை வைத்துத்தான் அடுத்த சில வாரம் கடை ஓடியது. புது எண்ணெய் ருசி கண்டவர்கள் பழைய எண்ணெய்க்குத் திரும்ப விடவில்லை. அதனால் இப்போது மூன்று நாளுக்கு மேல் போனால் கேனில் ஊற்றிவிடுகிறேன். வியாபாரம் முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் குரங்குகள் என் பைக் சத்தத்தை மறக்கவில்லை. அடிவாரத்தில் இருந்து கடை வரைக்கும் வந்து, வாங்குகிறவன் கையில் இருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஓசியில் சாப்பிட்ட ஊர் மறந்துவிட்டது. அவை மறக்கவில்லை.

வல்லத்தில் பண்டிகைக்கு உட்கார்ந்தால் முதல் இலை இன்னமும் எனக்குத்தான். மாமியார் வடைத் தட்டோடு வந்து நிற்பார்.

"மூத்த மாப்ளைக்கு இன்னா லைட்டு வெக்கட்டும்? பச்சையா, செவப்பா?"

மொத்த வீடும் சிரிக்கும். ஏகாம்பரம் இப்போதெல்லாம் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறான். எனக்கு அது பரவாயில்லாமல் இருக்கிறது.

மாதா மாதம் நிவேதா எடுக்க வரும்போது என் கேன் முக்கால்தான் இருக்கும். அவனுடையது எவ்வளவு என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

சாந்தா பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள்.